கடைவாய்ப் பல்லின் பக்தி

நோன்பு 3, சனி

விடியும்போது மலைப் பக்கம் பனி. எட்டு மணிக்குள் எல்லாம் காய்ந்து மாசி வெயில்.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நேற்றுச் சோறு, ரசம், ஒரு முட்டை. ஒரே ஆளுக்கு ரசம் வைக்கும் அளவை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. வைத்தால் மூன்று நாள் வருகிறது.

இந்த ஆண்டு வாய்ப் பராமரிப்பு:
விடியல் பாங்குக்குப் பத்து நிமிஷம் முன் பேஸ்ட், பிரஷ். ஓட்டமாக.
பகலில் பேஸ்ட் கிடையாது. ருசி தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு போச்சு. மிஸ்வாக் குச்சி மட்டும்.
தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது கொப்பளிப்பு. பட்டும் படாமலும்.
நோன்பு திறந்தபின், தோன்றினால்.
படுக்கும்முன், தோன்றுவதில்லை.

என் மனைவி சபுரா இருந்தவரை கடைசி இரண்டும் கட்டாயம். குளியலறை வாசலில் நின்று பார்ப்பாள். அவள் போய் ஒன்பது மாதம். வாசல் சும்மா இருக்கிறது.

பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்குப் பின் பத்து நிமிஷம் நான் மார்க்கப் புத்தகம் வாசிப்பது வழக்கம். ரமலானில் மட்டும். இது பதினோராவது வருஷம். கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று சொன்னவனுக்குச் சத்தமாக வாசிக்க ஒரு இடம். இப்போதெல்லாம் ஒரு நாளில் மனிதர்களைப் பார்த்து நான் பேசுவது மொத்தமும் இந்த அஸர் வாசிப்புதான் (இனி அ.வா.). பால்காரருக்குத் தலையசைப்பு தனி.

இன்று வாசித்தது: நோன்பாளியின் வாய் வாடை இறைவனிடம் கஸ்தூரியைவிட மேலானது. எல்லோரும் தலையாட்டினார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

முன்வரிசை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. காற்றாடிக்காக இருக்கும்.

நோன்பு 6, செவ்வாய்

எரிவாயு பதிவு செய்தேன். மின்விசிறிக்கு எண்ணெய். சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், தவறான துளையில்.

எனக்கும் முன்வரிசைக்கும் நடுவே சனியன்று தரையில் மூன்று டைல். இன்று ஐந்து.

என் தேர்வு சரியில்லை போலும் என்று, நரகத்தைக் குறைத்து தர்மத்தைக் கூட்டி வாசித்தேன். தர்மம் என்றதும் ஆறு டைல்.

முன்வரிசையில் எப்போதும் சாக்குக் கடை மீரான். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் சாக்கு கொடுப்பவர். யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவர் என்று பெயர். நான் வாசிக்க வாசிக்கத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். என் வாசிப்பு ஒரு சாக்கு வியாபாரியைக் கலங்க வைக்கிறது என்று எனக்குப் பெருமை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து வாசித்தேன்.

நோன்பு 8, வியாழன்

நேற்று நோன்புக் கஞ்சி சூடாகப் பட்டதும் வலது கீழ்க் கடைவாயில் மின்சாரம். கிராம்பு வைத்துப் படுத்தேன். காலையிலும் விண் விண் என்று.

தோஹாவிலிருந்து மகள் வீடியோவில்.

“வாப்பா, என்ன ஒரு பக்கமாவே பேசுதீங்க?”

“சிக்னல் சரியில்லை.”

“கன்னம் வீங்குன மாதிரி இருக்கு.”

“கேமராவை அப்படிப் பிடித்திருக்கிறேன்.”

“தனியா நோன்பு வைக்கக் கஷ்டமா இருக்கா?”

“ஒன்றுமில்லை. நேரம் கிடைக்கிறது.”

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சீசன் இல்லாத குற்றாலத்துக்குப் போகிறவன் ஒன்று கடன்காரனாக இருக்க வேண்டும், அல்லது என்னைப் போல. அருவி இருந்த இடத்தில் பாறை. சிப்ஸ் கடைகளில் பாதி சாத்தியிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் மட்டும் குப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, தேய்க்க ஆளில்லாமல் தன் காலையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க அண்ணாச்சி, மசாஜ் பண்ணிருவமா?”

குனிந்து, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

“கொஞ்சம் அங்கன தள்ளி நின்னு கேளுங்க அண்ணாச்சி.”

தள்ளி நின்று கேட்டேன். ஆனி கடைசியில் வரும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இதே யோசனை. அவருக்கு நான் நோன்பு என்று தெரியாது. கஸ்தூரிச் செய்தியும் அவருக்கு எட்டியிருக்காது. ஆகவே கலப்படமில்லாத சாட்சி.

வீட்டில் செய்த பரிசோதனைகள்: உள்ளங்கையில் ஊதி முகர்தல். எவர்சில்வர் டம்ளருக்குள் ஊதி முகர்தல். மணிக்கட்டை நக்கி (நோன்பு திறந்தபின்) முகர்தல். முடிவு: ஒன்றும் தெரியவில்லை. அவரவர் வாய் அவரவர் மூக்குக்குத் தெரியாதபடி படைக்கப்பட்டிருக்கிறது. இந்த வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

நோன்பு 9, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹஸ்ரத் என்னை ஓரமாக அழைத்தார். எங்கள் பள்ளியின் இமாம். நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் அத்தர் பூசித்தான் தருவார்.

“சார், கமிட்டியில ஒரு யோசனை. புது மோதினார் நல்லா வாசிக்காராம். காலர் மைக்கும் வந்திருக்கு. நீங்க கொஞ்சம் ஓய்வு எடுக்கலாமே?”

மோதினார் என்றால் பாங்கு சொல்பவர். புளியறைப் பக்கத்துக்காரர். குரல் நன்றாக இருப்பது உண்மை. எனக்கு அது பிடிக்காததும் உண்மை.

“என் வாசிப்பில் என்ன குறை?”

“குறையா! உங்கள யாரு சார் மாத்துவா? வருஷம் முழுக்க நோன்பாளியா இருக்கிற மனுஷர். அதனாலதான் கமிட்டியும் தயங்குது. பதினஞ்சாம் நோன்பு அன்னைக்கு உட்கார்ந்து முடிவு பண்ணுவாங்க.”

வருஷம் முழுக்க நோன்பாளி யார் என்று கேட்க நினைப்பதற்குள் யாரோ வந்து ஹஸ்ரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அ.வா. போனால் ரமலானில் எனக்குப் பேச்சே கிடையாது. மற்ற பதினொரு மாதமும் எப்படியும் கிடையாது.

இன்று ஏழு டைல்.

நோன்பு 10, சனி

மீரான் கடைக்குப் போனேன். சாக்கு வாடை. அந்த இடத்தில் கேட்பது நியாயமில்லைதான். ஆனாலும் வேறு யாரிடம் கேட்பது?

“மீரான், என் வாய் நாறுகிறதா?”

மடித்துக்கொண்டிருந்த சாக்கைக் கீழே போட்டார். “அஸ்தஃபிருல்லாஹ். அத எப்படி சார் நான் வாயால சொல்லுதது?”

“மூக்கால் சொல்லும்.”

“நோன்பாளி வாய்லா சார். நீங்கதான வாசிச்சீங்க, கஸ்தூரின்னு. அதப் போயி நாத்தம்னு சொன்னா பாவம் எனக்குல்லா வரும்? அதான் எல்லாரும் சத்தங்காட்டாம பின்னால நவுந்துக்கிட்டோம்.”

“எத்தனை நாளாக இந்தக் கஸ்தூரி?”

மேலே பார்த்து யோசித்தார். “மீலாது சமயத்துலயே இருந்துச்சு.”

“மீலாது சமயத்தில் ஏது நோன்பு?”

“நீங்க ரமலான் இல்லாத நாள்லயும் சுன்னத்து நோன்பு வைக்கீங்கன்னுல்லா நெனச்சோம்! சபுராக்கா மவுத்தான பொறவு சார் நெதமும் நோன்பு வைக்காரு, யார்ட்டயும் பேசுதது இல்ல, மெலிஞ்சிட்டாருன்னு ஊரே சொல்லுது. எங்க வீட்டுல உங்களக் காட்டித்தான் என்னைய ஏசுதா. ‘அந்த சாரப் பாருங்க, நீங்க திங்கக்கிழம ஒரு நோன்பு புடிப்பீங்களா, வாயப் பாரு, எந்நேரமும் பஜ்ஜி’ன்னு.”

“நான் ஒரு நோன்பும் வைக்கவில்லை, மீரான். மீலாது அன்று உங்கள் கடைக்கு எதிரே நின்று இரண்டு வடை தின்றேன்.”

“சும்மா இருங்க சார்,” என்றார். குரலில் ஒரே மரியாதை. “நல்லவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

பத்து பைசா நல்ல காரியம் செய்யாமல் ஆறு மாதமாக இந்த ஊரில் ஒரு மகானாக நடமாடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபின் இன்னொன்றும் விளங்கியது. இத்தனை மாதமாக என்னை யாரும் டீ குடிக்கக் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டில் வாசலோடு கை கொடுத்து, ‘எங்களுக்காக துஆச் செய்யுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். துக்கக்காரனை ஊர் ஒதுக்கிவிட்டது என்று எண்ணி, ரோஷத்தில் நானும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அவர்கள் என் நோன்பைக் கெடுக்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

நோன்பு 12, திங்கள்

நேற்று ஞாயிறு, மருத்துவமனை இல்லை. இன்று குற்றாலம் சாலையில் பல் டாக்டர் ஜெபா. சின்ன வயது. முகக்கவசம் போட்டிருந்தார். நான் வாயைத் திறந்ததும் இரண்டாவது ஒன்றையும் போட்டுக்கொண்டார்.

“சார், எப்பருந்து இப்படி இருக்கு?”

“மீலாதிலிருந்து என்று கேள்வி.”

எக்ஸ்ரே. முன்பு கேப் போட்ட பல்லில், கேப்புக்கு அடியில் சொத்தை, வேர் நுனியில் சீழ். ஆறேழு மாதமாக இருக்க வேண்டும் என்றார். காப்பாற்ற முடியாது, எடுக்க வேண்டும்.

“இவ்வளவு நாளா வீட்டுல யாருமே சொல்லலையா சார்?”

“வீட்டில் யாரும் இல்லை.”

டாக்டர் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

பகலில் தண்ணீர் பீய்ச்சும் வேலை எதுவும் வேண்டாம், நோன்பு என்றேன். “தெரியும் சார். எனக்கும் லெந்து நோம்புதான், கறி மீன் எல்லாம் விட்டாச்சு. மூணு நாள் மாத்திரை சாப்பிடுங்க. வியாழக்கிழமை நோம்பு திறந்துட்டு வாங்க, காத்திருக்கேன்.”

கட்டளைகள் (எழுதி வாங்கியது): மாத்திரை சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. இரவுத் தொழுகை முடிந்து பிரஷ், அதுதான் முக்கியம். சஹர் சாப்பிட்டபின் பிரஷ், முன்பல்லோடு நிற்காமல் கடைசிப் பல்வரை. நாக்கு வழிக்க. பல் இடுக்குக்கு நூல். நோன்பு திறந்ததிலிருந்து சஹர்வரை தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நிறைய. பேரீச்சம்பழம் தின்றால் உடனே கொப்பளிக்க. பகலில் மிஸ்வாக் தாராளமாக, ஆனால் ஈறைக் குத்தாமல்.

நூலக எண் வரிசையில் இஸ்லாம் 297. பல் மருத்துவம் 617.6. நடுவில் எத்தனையோ அலமாரி. ஆறு மாதமாக என் வாயை எல்லோரும் தவறான அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். நானும்தான்.

நோன்பு 14, புதன்

நாளை கமிட்டி. இரண்டு நாளாக ஒரே கேள்வி. சும்மா இருந்தால் மகான் பட்டத்தை வைத்தே அ.வா. என்னிடம் நிற்கும். ஹஸ்ரத்தின் பேச்சிலிருந்து அது நிச்சயம். சொல்லிவிட்டால் நான் வெறும் சொத்தைப் பல்காரன்.

சும்மா இருக்கத்தான் விருப்பம். ஆனால் அஸருக்குப் பின் புத்தகத்தைத் திறந்தால் பொய் பேசுவது பற்றிய அத்தியாயம். இடத்தை மாற்றிப் பார்த்தேன். புறம் பேசுவது. மூடிவிட்டேன்.

சொன்னேன். “எனக்குப் பல்லில் சீழ். நீங்கள் நினைத்த நோன்புகள் எதையும் நான் வைக்கவில்லை. நாளை பல்லை எடுக்கிறார்கள். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும்.”

பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார்.

“தான் செஞ்ச நல்ல அமலை மறைக்காரு பாத்தியளா. இப்படி ஒரு பணிவு எங்க உண்டு?”

வெளியே வரும்போது இருவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு.

வருஷக்கணக்காக அடுத்தவர் எழுதியதை வாசித்தபோது நம்பினார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

நோன்பு 15, வியாழன்

டாக்டரின் வரவேற்பறையிலேயே நோன்பு திறந்தேன். ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், உடனே கொப்பளிப்பு. டாக்டர் சுக்குக் காப்பி தந்தார், ஆறவைத்து.

மரத்துப்போக ஊசி. பிறகு ஆசாரி வேலை. பல் வந்தது, கிண்ணத்தில் ‘டிங்’. பார்த்தேன். கறுப்பாக, சின்னதாக. இதையா ஊரே மதித்தது?

“பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க சார். இன்னைக்கு யார்கிட்டயும் பேசக்கூடாது.”

அதில் சிரமம் இருக்காது என்று சொல்ல நினைத்தேன். பஞ்சு.

கமிட்டி முடிவு போனில் வந்தது: ஏகமனதாக நானே தொடர வேண்டும்.

நோன்பு 16, வெள்ளி

வீட்டிலேயே. எச்சிலில் லேசாகச் சிவப்பு. விழுங்காமல் துப்பித் துப்பி நோன்பைக் காப்பாற்றினேன். ஜும்ஆவுக்குப் போக முடியாதது வருத்தம். அஸருக்குப் பின் மோதினார் வாசித்தது ஒலிபெருக்கியில் கேட்டது. நன்றாகவே வாசித்தார். ஜன்னலைச் சாத்தினேன். காற்றுக்கு மறுபடி திறந்தேன்.

நோன்பு 17, சனி

வலி இல்லை. வாய் முழுக்க ஒரு லேசு, வீடு காலி செய்ததுபோல.

அ.வா. மெதுவாக வாசித்தேன். பாதியில் நிமிர்ந்தால் முன்வரிசை நகர்ந்து வந்திருக்கிறது. நான்கு டைல். பிறகு இரண்டு. முடிக்கும்போது ஒன்று. இத்தனை முகங்களை இவ்வளவு பக்கத்தில் பார்த்து நாளாயிற்று. ஒரு வரியை இரண்டு முறை வாசித்துவிட்டேன்.

எழும்போது தூண் மறைவில் இரண்டு குரல்.

“வாடையே இல்லயே வே.”

“அதான் பாத்தேன். சாரு நோன்ப விட்டுட்டாரோ?”

“ஊசி மாத்திரன்னு விட்டிருப்பாரு. பாவம், எப்படி இருந்த மனுசன்.”

நோன்பு 18, ஞாயிறு

ஹஸ்ரத் இன்று என்னைப் பார்த்ததும் காற்றாடியைப் பார்த்தார்.

“சார், நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை உண்டு. நோன்ப விட்டது தப்பே இல்ல. பின்னால புடிச்சிக்கிடலாம்.”

“நான் விடவில்லை. ஒன்றுகூட விடவில்லை.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார், நோயாளியிடம் சொல்லும் குரலில். “இருந்தாலும் சனங்க பேசுதாங்க. நோன்பு இல்லாதவரு நோன்பாளிங்களுக்கு வாசிக்கலாமான்னு. உடம்பு தேறுற வரைக்கும் மோதினார் பாக்கட்டும்.”

அழுகியபோது மகான். சுத்தமானதும் நோன்புத் திருடன். வைக்காத நோன்புக்குக் கை முத்தம், வைத்த நோன்புக்கு மன்னிப்பு.

புத்தகத்தை மோதினாரிடம் கொடுத்தேன். எங்கே நிறுத்தினேன் என்று காட்டினேன். “ரொம்ப நன்றி சார்” என்றார். கெட்டவராகவாவது இருந்திருக்கலாம். இல்லை.

நோன்பு 19, திங்கள்

போகவில்லை. அஸர் வீட்டில்.

பல் தேய்த்தேன், கட்டளைப்படி. கடைசிப் பல்வரை. யாருக்காக என்று ஒருமுறை தோன்றியது. பல் இடுக்கில் நூலையும் விட்டேன்.

நோன்பு 20, செவ்வாய்

வெயில். மேற்கே மேகம் கூடிக் கலைந்தது.

அஸருக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் எழுந்து போகத்தான் நினைத்தேன். கால் கேட்கவில்லை, வரிசையிலேயே உட்கார்ந்தேன். பதினொரு வருஷத்தில் முதல்முறை புத்தகத்துக்கு இந்தப் பக்கம். என் இரு பக்கமும் இடம் காலி.

மோதினார் தொடங்கினார். மீரான் தாமதமாக வந்தார். நின்று பார்த்தார். வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தார், தொடை தொட.

கொஞ்ச நேரம் கழித்துக் காதுக்குள்: “சார், மறைக்காம சொல்லுங்க. நெசமாவே நோன்பா?”

“நோன்புதான்.”

“சனங்க இல்லன்னு சொல்லுதாங்களே.”

“நீர் என்ன சொல்லுகிறீர்?”

யோசித்தார். பிறகு, பள்ளிவாசல் என்றும் பாராமல், சந்தையில் சாக்கை முகர்ந்து ஈரம் பார்ப்பாரே அப்படி, என் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தார். “ஊதுங்க.”

ஊதினேன்.

கண்ணை மூடி இருந்தார். நான் அந்த நேரம் எதையும் நினைக்கவில்லை. பயமாக மட்டும் இருந்தது.

“இருக்கு சார்,” என்றார். “லேசா. வயித்துக்குள்ளருந்து வருது. எனக்கும் இப்பிடித்தான் வரும், எங்க வீட்டுல சொல்லுவா. இது நோன்புதான்.”

“சரி.”

“ஹஸ்ரத்துட்ட நான் சொல்லட்டா? இப்பமே எந்திச்சுச் சொல்லுதேன்.” பாதி எழுந்துவிட்டார்.

“வாசித்து முடிக்கட்டும். உட்காரும்.”

உட்கார்ந்தார். நகரவில்லை.